தூரம் இல்லாத பட்டறை

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்குப் பெயர்போன ஊர் திருச்செங்கோடு. அங்கிருந்து கிளம்பும் வண்டிகள் மாநிலம் விட்டு மாநிலம் போகும்; மாதக்கணக்கில் ஊர் திரும்பாமல் பாறையைக் குடையும். பாறையோடு மல்லுக்கட்டும் இயந்திரம் பழுதாகாமல் இருக்காது. ஏதோ ஒரு சோளக்காட்டின் நடுவே, துளைக்கும் கம்பத்தைத் தாங்கும் பிராக்கெட்டில் விரிசல் விழுந்துவிட்டால், அந்தக் கனத்த லாரியை டவுனுக்கு இழுத்துப் போவது நடக்கிற காரியமில்லை. பட்டறைதான் கிளம்பி வர வேண்டும்.

அப்படி வருவது பெரும்பாலும் ஒரு சின்ன சரக்கு வண்டி. நம்மூரில் ‘குட்டியானை’ என்று செல்லப் பெயர் வாங்கிய டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது அதன் சுமைத்திறன் முக்கால் டன். அந்த அளவு வண்டிக்குள் டீசல் ஜெனரேட்டர், வெல்டிங் மெஷின், ஆக்சிஜன் சிலிண்டர், காஸ் சிலிண்டர், கம்ப்ரசர், கிரைண்டர், சுருட்டிய கேபிள், ராடு பாக்கெட்டுகள், கிரீஸ் கன், ஆயில் கேன், ஒரு பெட்டி ஸ்பேனர் என எல்லாம் ஏறிவிடும்.

ஊரில் நிலையாக நிற்கும் பட்டறையிலும் இதே சாமான்கள்தான். ஆனால் அங்கே சிலிண்டர் வெளிச்சுவரோரம் நிற்கும். கிரைண்டர் வாசலில் பொறி கக்கும். ராடு உள்ளறை அலமாரியில் கிடக்கும். ஆயில் டின் இன்னொரு மூலையில். யாரும் திட்டம் போட்டு வைக்காவிட்டாலும் அந்த இடைவெளிகள் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தன. ஒன்றின் கசிவும் தூசியும் ஈரமும் சூடும் இன்னொன்றை எட்டாமல் தடுத்தன. வண்டியில் ஏற்றியதும் முதலில் காணாமல் போவது அந்தத் தூரம்தான். ஏழெட்டு அடி நீளத்துக்குள் எல்லாமே அண்டை வீடு. அதிலும் ஒத்துப்போகாத அண்டை வீடுகள்.

நடமாடும் பட்டறையின் பராமரிப்பு என்பது, தொலைந்துபோன அந்தத் தூரத்தைக் கையால் ஈடுகட்டும் வேலை. எதை எதனிடமிருந்து விலக்க வேண்டும், விலக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிரீஸ் கையும் ஆக்சிஜன் வால்வும்

முதல் சண்டை எண்ணெய்க்கும் ஆக்சிஜனுக்கும். மெக்கானிக்கின் கையில் கிரீஸ் இல்லாத நேரம் குறைவு. அதே கைதான் ஆக்சிஜன் வால்வையும் திறக்கிறது.

நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் ஏறக்குறைய 150 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றைப் போல 150 மடங்கு. வால்வுக்கு அடுத்துள்ள ரெகுலேட்டரின் உள்வழியில் இருப்பது சாதாரண அழுத்தம். வால்வைச் சடாரென்று திறந்தால், பாய்ந்து வரும் வாயு அந்தச் சின்ன வழியில் ஏற்கெனவே இருந்ததை ஒரே இடியாக நசுக்குகிறது. நசுங்கும் வாயு சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுவதும் இதனால்தான். ஒரு பாரிலிருந்து 150 பாருக்கு நொடியில் நசுக்கினால், ஏட்டுக் கணக்கில் வெப்பநிலை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உலோகச் சுவர்கள் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் நடைமுறையில் அவ்வளவு ஏறாது. ஆனாலும், தூய ஆக்சிஜன் சூழ்ந்திருக்கும்போது ஒரு துளி கிரீஸ் பற்றிக்கொள்ள அதில் பாதிச் சூடுகூட வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், அதே வண்டியின் இன்னொரு மூலையில் இதே விளைவை நம்பித்தான் ஜெனரேட்டர் ஓடுகிறது. ரூடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டிய இயந்திரத்தில் பொறி தட்டும் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நசுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்ற வைப்பதுதான் அவருடைய யோசனை. டீசல் என்ஜினுக்குள் நடந்தால் அது சக்தி. ஆக்சிஜன் ரெகுலேட்டருக்குள் நடந்தால் விபத்து.

ஆகவே வால்வை மெல்லத் திறக்க வேண்டும், ரெகுலேட்டருக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. இணைப்பு இறுகிப்போனால் எண்ணெய் விட்டு இளக்கும் பழக்கம் இங்கே ஆகாது. கிரீஸ் கன் வண்டியின் ஒரு கோடியில் மூடிய பெட்டியில் இருக்கட்டும். ரெகுலேட்டர்களும் அவற்றைத் துடைக்கும் துணியும் மறுகோடியில், தனியாக.

கசிவும் அப்படித்தான். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மூடிய பெட்டிக்குள் சிலிண்டர் மெல்லக் கசிந்து இந்த அளவு கொஞ்சம் கூடினாலே, கையைத் துடைத்துப் போட்ட கந்தல் துணி பட்டாசு போல எரியும். வெட்டும் வேலைக்குப் பலர் வைத்திருக்கும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வண்டித் தரையில் குளமாகத் தேங்கும். அசிட்டிலீன் காற்றைவிடச் சற்றே லேசு, மேலே ஏறும். இரண்டுக்கும் வழிவிட, வண்டிப் பெட்டியின் மேலும் கீழும் திறப்பு வேண்டும். திறந்த வெளியில் காற்று தானாகச் செய்துவந்த வேலையை மூடிய பெட்டியில் நாம்தான் செய்து தர வேண்டியிருக்கிறது.

படுக்கக் கூடாத சிலிண்டர்

அசிட்டிலீனுக்கு இன்னொரு குணம் உண்டு. அது வெடிக்க ஆக்சிஜன் துணைகூடத் தேவையில்லை. அழுத்தம் ஏறினால் தன்னைத்தானே கரியாகவும் ஹைட்ரஜனாகவும் உடைத்துக்கொண்டு சூட்டைக் கக்கும். அதனால்தான் குழாயில் அதன் அழுத்தம் ஒரு பார் அளவைத் தாண்டக் கூடாது என்று விதி. அப்படியானால் சிலிண்டரில் 15 பார் அழுத்தத்தில் எப்படி அடைக்கிறார்கள்?

சோடா பாட்டிலில் கரியமில வாயு அடைபட்டிருக்கும் அதே வழிதான். சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு திடப்பொருள் முழுக்க நிரம்பியிருக்கும். அந்தத் துளைகளில் அசிட்டோன் என்ற திரவம் ஊறியிருக்கும். வாயு அந்தத் திரவத்தில் கரைந்து அடங்கிக் கிடக்கும். ஆளில்லாக் கலங்கரை விளக்குகளுக்கு அசிட்டிலீனைப் பயன்படுத்திய ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாஃப் டலேன், அதிர்ச்சியிலும் நொறுங்காத அத்தகைய நிரப்புப் பொருளை உருவாக்கினார். 1912-இல் அசிட்டிலீன் சோதனை ஒன்றின்போது நேர்ந்த வெடிப்பில் அவர் இரு கண்களையும் இழந்தார். அதே ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

உயரம் இடிக்கிறதென்று இந்தச் சிலிண்டரை வண்டியில் படுக்க வைத்தால், வால்வைத் திறக்கும்போது வாயுவோடு அசிட்டோனும் வெளியே வரும். சுவாலையின் நிறம் மாறும், ஹோஸும் ரப்பர் வளையங்களும் கெடும். அதைவிடப் பெரிய தீங்கு, அசிட்டோன் குறைந்த சிலிண்டரில் அசிட்டிலீனை அடக்கி வைக்க ஆள் இல்லாமல் போவது. நிற்க வைத்து, இரண்டு இடத்தில் பட்டை போட்டு இறுக்குவதுதான் சரி. தவறிப்போய்ப் படுத்துக் கிடந்திருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் பொறுத்த பிறகே திறக்க வேண்டும்.

ராடு குடிக்கும் தண்ணீர்

வெல்டிங் ராடு பிறந்ததே பழுது பார்க்கும் தேவையில்தான். கப்பல்களின் நீராவி பாய்லர்களில் ஆணியடித்த இணைப்புகள் ஒழுகிக்கொண்டே இருந்தன. அவற்றை அடைக்க வழி தேடிய ஸ்வீடன் பொறியாளர் ஆஸ்கார் ஷெல்பெரி, வெறும் கம்பியால் வெல்டு வைத்தால் காற்று புகுந்து உலோகம் நொறுங்கிப் போவதைக் கண்டார். கம்பிக்குத் தாதுப்பொடிப் பூச்சு கொடுத்தார். பூச்சு எரிந்து புகையாகவும் ஸ்லாக் என்ற கசடாகவும் மாறி, உருகிய உலோகத்துக்குப் போர்வை ஆயிற்று. 1904-இல் அவர் கோத்தன்பர்க் நகரில் தொடங்கிய நிறுவனம்தான் இசாப். இன்றும் நம் கடைகளில் அந்தப் பெயர் போட்ட பாக்கெட்டுகள் இருக்கின்றன.

அந்தப் பூச்சுக்கு எதிரி ஈரம். சாதாரண வேலைக்கு ஓடும் 6013 ராடு சற்றே ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். ரிக் லாரியின் பிராக்கெட் போன்ற தடித்த, இழுவிசை மிகுந்த பாகங்களுக்கு எடுக்கும் 7018 பொறுக்காது. அதை ‘லோ ஹைட்ரஜன்’ ராடு என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. பூச்சில் ஈரம் இருந்தால் ஆர்க் என்ற மின்வில்லின் சூட்டில் தண்ணீர் பிளந்து ஹைட்ரஜன் பிரியும். அணுக்களிலேயே சிறியது அது. உருகிய எஃகில் எளிதாகக் கரையும். எஃகு இறுகும்போது வெளியேற நேரமில்லாமல் உள்ளே மாட்டிக்கொள்ளும். பிறகு, சூடுபட்டுக் கடினமான ஓரப் பகுதியை நோக்கி மெல்ல நகர்ந்து சேரும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ, யாரும் தொடாமலேயே அங்கே விரிசல் விழும். வெல்டு பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். மெக்கானிக் கூலி வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். விரிசலுக்கான காரணம் ஒரு வாரத்துக்கு முன், மழைநாளில் வாய் திறந்து கிடந்த பாக்கெட்டில் இருக்கும்.

பிரித்த ராடை வெயிலில் காய வைப்பவர்கள் உண்டு. வெயில் மேலோட்டமான ஈரத்தை மட்டுமே எடுக்கும். ஈரம் ஏறிய 7018-க்கு 300 டிகிரிக்கு மேல் ஓரிரு மணி நேரச் சூடு வேண்டும்; எவ்வளவு என்பதைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதே சூட்டை 6013-க்குக் கொடுத்தால் பூச்சு கெட்டுவிடும். அதற்கு நூறு டிகிரியை ஒட்டிய மிதமான சூடு போதும். வண்டியில் செய்யக் கூடியது, பிரித்த ராடுகளை இறுக்கமாக மூடும் டப்பாவில் போடுவதும், முக்கியமான வேலை இருக்கும் நாளில் ஜெனரேட்டரில் மாட்டும் சின்ன ராடு சூடேற்றியைக் கூட எடுத்துப் போவதும்.

கிரைண்டிங் வட்டும் ஈரம் குடிக்கும். அதன் தேய்க்கும் துகள்களைப் பிணைத்திருப்பது பிசின். வட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தில், மருந்துப் பட்டையில் இருப்பதைப் போலக் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். வழக்கமாக, தயாரித்ததிலிருந்து 3 ஆண்டு. நான்கு அங்குல வட்டின் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் வரை ஓட அனுமதி உண்டு. மணிக்கு 288 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சுற்றும் ஒன்றின் பிசின் நமத்துப் போயிருக்கிறதா என்பது சின்ன விஷயமில்லை.

ஒன்பது சால்டரிங் அயர்ன்

வெல்டிங் மெஷின் பற்றி எழும் புகார்களில் பாதி மெஷினைப் பற்றியதே அல்ல, கேபிளைப் பற்றியது. 35 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் போக 25 மீட்டர், எர்த் திரும்பி வர 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 150 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 3.7 வோல்ட் செலவாகிவிடும். ஆர்க்குக்கே 24 வோல்ட்தான் தேவை என்னும்போது இது சிறிய தொகை அல்ல. 550 வாட்டுக்கு மேல் கேபிளைச் சூடாக்கவே போகிறது. அந்தக் கேபிளைச் சுருளிலிருந்து முழுக்கப் பிரிக்காமல் வேலை செய்தால் சூடு வெளியேற வழியின்றி உறை இளகும்.

சூட்டைக் கேபிள் முழு நீளத்துக்கும் பகிர்ந்துகொள்கிறது. கேபிள் முனையை மெஷினோடு இணைக்கும் லக் தளர்ந்திருந்தால் அப்படிப் பகிராது. ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை உள்ள லக்கில் 150 ஆம்பியர் ஓடினால் 225 வாட். ஈயப்பற்று வைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். ஒன்பது சால்டரிங் அயர்ன்களின் சூடு தீப்பெட்டி அளவு இடத்தில் இறங்குகிறது. சூட்டில் தாமிரம் கறுக்கும், கறுத்தால் தடை கூடும், தடை கூடினால் மேலும் சூடு. ஆர்க் மந்தமாகிறதே என்று மெஷினில் ஆம்பியரைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசம். சூடு ஆம்பியரின் இருமடியில் ஏறும். லக்கைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்குவது பத்து நிமிட வேலை.

எர்த் கிளாம்ப் எங்கே கடிக்கிறது என்பதும் பராமரிப்பில் சேர்த்திதான். இம்முறை வாடிக்கையாளர் வண்டியின் பராமரிப்பு. மின்சாரம் திறந்திருக்கும் எல்லா வழிகளிலும் ஓடும். லாரியின் பின் அச்சில் கிளாம்பை மாட்டி முன்பக்கம் வெல்டு வைத்தால், அதில் ஒரு பங்கு வீல் பேரிங்கின் உருளைகள் வழியாகப் போகலாம். உருளை வளையத்தைத் தொடும் இடம் மிக நுண்ணியது. அங்கே சின்னச் சின்ன ஆர்க்குகள் தோன்றிக் குழி பறிக்கும். சில வாரம் கழித்துப் பேரிங் கத்தும்போது அன்றைய வெல்டிங் யார் நினைவுக்கும் வராது. கிளாம்ப் வெல்டு வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, பெயிண்டைச் சுரண்டிய வெறும் இரும்பில் கடிக்க வேண்டும். பேட்டரி இணைப்பையும் முதலில் கழற்ற வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை மாசு விதி வந்த பிறகு சேசிஸ் முழுக்க சென்சாரும் கணினிப் பெட்டியுமாக ஆகிவிட்டது. அந்தப் பெட்டி ஒன்று போனால் வெல்டிங் கூலியைப் போலப் பல மடங்கு செலவு.

காற்றாடி இழுக்கும் இரும்பு

பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் எருமை மாதிரி. மண்ணில் கிடந்தாலும் ஓடும், ஆனால் தூக்க நாலு ஆள் வேண்டும். இன்றைய இன்வெர்ட்டர் மெஷின் தோளில் மாட்டிக்கொள்ளும் எடை. அந்த லேசுக்கு விலை, உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை முதலில் ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி, பிறகு நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டித் தருகிறது. அதில் எழும் சூட்டை வெளியேற்ற ஒரு காற்றாடி இடைவிடாமல் காற்றை உள்ளே இழுக்கும்.

பக்கத்தில் கிரைண்டர் ஓடினால் அது காற்றோடு இரும்புத்தூளையும் இழுக்கும். வீட்டுத் தூசி மின்சாரத்தைக் கடத்தாது, இரும்புத்தூள் கடத்தும். சர்க்யூட் பலகையில் 325 வோல்ட் உள்ள இரண்டு கால்களுக்கு நடுவே அது பாலம் போட்டால் மெஷின் ‘பட்’டென்று அடங்கும். நிலையான பட்டறையில் நான்கு மீட்டர் தள்ளி வைத்திருப்பார்கள். வண்டியில் அந்த இடைவெளிக்கு ஒரே மாற்று, கிரைண்டரைத் தரையில் இறக்கி, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கம் வைத்து ஓட்டுவது.

மாதம் ஒரு முறை மெஷினை இணைப்பிலிருந்து கழற்றி, உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்னேற்றம் இழக்கும்வரை பொறுத்து, மூடியைத் திறந்து காற்றடித்துச் சுத்தம் செய்வது நல்ல வழக்கம். ஆனால் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று எப்படிப்பட்டது? 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 70 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் அதில் 21 கிராம் இருக்கும். எட்டு கன மீட்டரை ஒரு கன மீட்டராக நசுக்கினால் 168 கிராம் நீராவி ஓரிடத்தில் திரளும். ஆறியபின் அந்த இடத்தில் நிற்க முடிவது 30 கிராம்தான். மீதி 138 கிராம், ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர், டேங்க்கின் அடியில் விழும். தினமும் வடிக்காத டேங்க் உள்ளிருந்தே துருப்பிடித்து மெலியும். அந்த டேங்க்கின் காற்றால் இன்வெர்ட்டரைச் சுத்தம் செய்வது, தூசியைத் துடைக்கிறேன் என்று துருத்தண்ணீர் தெளிப்பது. முதலில் டேங்க்கை வடிக்க வேண்டும். பிறகே மெஷினுக்குக் காற்று.

சாலை கழற்றும் நட்டு

இவ்வளவும் அண்டை வீட்டுச் சண்டைகள். வண்டிக்கே உரிய நோய் ஒன்று மிச்சம் இருக்கிறது: குலுக்கல். காலையில் இறுக்கிய நட்டு மாலையில் தளர்ந்திருப்பது ஏன்? போல்ட் நீளவாக்கில் ஆடுவதால் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பிடித்திருக்கும் இரண்டு தகடுகள் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதுதான் பெரும் காரணம். வழுக்கும் அந்தக் கணத்தில் மரைகளின் உராய்வுப் பிடி விட்டுப்போகிறது. மரையின் சரிவில் நட்டு தானாகவே இறங்குகிறது. சாதாரண ஸ்பிரிங் வாஷர் இதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. முதலிலேயே சரியான இறுக்கம் கொடுத்துத் தகடுகளை வழுக்க விடாமல் செய்வதுதான் மருந்து.

ஜெனரேட்டரைத் தாங்கும் போல்டு, சிலிண்டர் பட்டை, லக், பேட்டரி கிளாம்ப் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இறுக்கிய பிறகு நட்டின் மீதும் தகட்டின் மீதும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடுகிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று பொருள். ஸ்பேனரை எடுக்காமலே, டீ குடித்தபடி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிடலாம்.

சோளக்காட்டில் வேலை முடிந்தது. கேபிளைச் சுருட்டும் நேரம்தான் பரிசோதனைக்கு ஏற்ற நேரம், ஏனென்றால் எல்லாம் இன்னும் சூடாக இருக்கிறது. மெஷினை அணைத்த கையோடு ஒவ்வொரு லக்கின் மீதும் புறங்கையை வைத்துப் பார்த்தால், மற்றவற்றைவிட அதிகம் சுடுவது எதுவோ அதுதான் அடுத்து மக்கர் செய்யப் போவது. காலையில் பார்த்தால் எல்லாம் ஒரே குளிர்ச்சியாக இருக்கும். எந்தத் தகவலும் கிடைக்காது. பிறகு ராடு டப்பாவை மூடுவது, சிலிண்டர் வால்வுகளை அடைத்து ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போடுவது, கிரீஸ் கன்னை அதன் கோடிக்கு அனுப்புவது.

கடைசியாகக் கம்ப்ரசரின் அடியில் உள்ள குழாயைத் திருகுகிறார் மெக்கானிக். சீறலோடு பழுப்புத் தண்ணீர் புழுதியில் விழுகிறது. பகலெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் காற்றோடு உள்ளே வந்த தண்ணீர் அது. தண்ணீர் நின்று வெறும் காற்று வரும்வரை காத்திருந்து, குழாயை அடைத்துவிட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்.